ரோலர் பிரஸ்ஸில் பிரிக்கெட் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ரோலர் பிரஸ் என்பது குழி போட்ட இரண்டு ரோலருக்கு நடுவே தூளை அழுத்திக் கட்டியாக, அதாவது பிரிக்கெட்டாக, மாற்றும் இயந்திரம். அந்தப் பிரிக்கெட் உடைந்து விழுந்தால் ஆபரேட்டர் முதலில் கை வைப்பது ரோலரை நெருக்கி அழுத்தும் ஹைட்ராலிக் பிரஷரில்தான். 120 பாரில் உடைகிறதா, 150 வை. அதிலும் உடைகிறதா, 180 வை. பிரிக்கெட் அப்படியேதான் உடையும், பேரிங்கும் கியர் பாக்ஸும் மட்டும் கூடுதலாக அடி வாங்கும். பிரஸ் மீது வரும் புகார்களில் பெரும்பகுதி பிரஸ்ஸுக்கு முன்னாலேயே, மிக்சரிலோ டிரையரிலோ யார்டில் குவித்துக் கிடக்கும் தூளிலோ தொடங்கியவை. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் பிரஷரைக் கூட்டுவதைக் கடைசியில்தான் பார்ப்போம்.

இங்கே பேசுவது பைண்டர், அதாவது ஒட்டும் பொருள், சேர்த்து, சூடாக்காமல் அழுத்தும் பிரஸ்ஸைப் பற்றி. மில் ஸ்கேல் (சூடான எஃகை உருட்டும்போது உதிரும் ஆக்சைடு செதில்), எல்.டி. கன்வெர்ட்டர் ஸ்லட்ஜ் (எஃகு உலைப் புகையைக் கழுவிய சேறு), பிளாஸ்ட் ஃபர்னஸ் ஃப்ளூ டஸ்ட் (இரும்பு உலைப் புகைத்தூசி), ஸ்பான்ஜ் அயர்ன் தூள் (தாதுவை உருக்காமல் எடுத்த இரும்பின் தூள்), நிலக்கரித் தூள், கோக் தூள் என்று ராய்ப்பூரிலும் பல்லாரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலை ஓரமாகக் குவிந்து கிடக்கும் சரக்குதான். பைண்டர் பெரும்பாலும் மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) நீற்றிய சுண்ணாம்பும். 650 டிகிரிக்கு மேல் சூடாகவே அழுத்தி, கன சென்டிமீட்டருக்கு 5 கிராமுக்கு மேல் அடர்த்தி வாங்கும் ஹாட் பிரிக்கெட்டட் அயர்ன் வேறு உலகம். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதையும் திருகுவதற்கு முன்னால்

பிரஸ் லோடில் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளியே வரும் இடத்தில் ஒரு நீளமான தட்டை நீட்டி, ரோலரின் முழு அகலத்துக்கும் விழுவதைப் பிடியுங்கள். கையை உள்ளே விட வேண்டாம், தட்டுக்குக் கைப்பிடி இருக்கட்டும், ரோலர் நிப்பின், அதாவது இரண்டு ரோலரும் நெருங்கும் இடுக்கின், பக்கமே போகக் கூடாது. சல்லடைக்குப் பிறகு எடுக்கிற சாம்பிள் இதற்கு உதவாது. சல்லடை நல்லதையும் கெட்டதையும் கலக்கிவிடும், எந்த வரிசையில் கோளாறு என்பது தெரியாமல் போகும்.

பிடித்ததை வரிசைப்படி அடுக்கிவைத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பிரிக்கெட்டின் இரண்டு பாதியும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறதா. இரண்டு, பிரிக்கெட்டுக்கும் பிரிக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு, அதாவது ஃபிளாஷ், டிரைவ் பக்கம் எத்தனை மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் எத்தனை, நடுவில் எத்தனை. வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம். மூன்று, ஒவ்வொரு வரிசையிலும் பத்துப் பத்துப் பிரிக்கெட் எடை.

எடை ஏன் என்றால், அதிலிருந்து பிரஸ் உண்மையில் எவ்வளவு தயாரிக்கிறது என்று கணக்கிடலாம். உதாரணத்துக்கு, 4 வரிசை, சுற்றளவில் 36 குழி, மொத்தம் 144. ரோலர் நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் 1,440 பிரிக்கெட். ஒன்று 50 கிராம் என்றால் நிமிடத்துக்கு 72 கிலோ, மணிக்கு 4.3 டன் சொச்சம். பெல்ட்டில் போகும் எடையைக் காட்டும் தராசில் 4.3 வராமல் 3 வருகிறது என்றால் மீதி தூளாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது குழி சரியாக நிரம்பவே இல்லை. இந்த ஒரு கணக்கைப் போடாமலேயே மாதக்கணக்கில் சண்டை போடும் பிளாண்டுகள் உண்டு.

அதோடு மிக்சருக்குப் பிறகு எடுத்த கலவையின் ஈரப்பதம். 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி எடை பாருங்கள். அவசரத்துக்குக் கைப்பிடி சோதனை: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறும் பதம்தான். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், உருண்டையே பிடிக்கவில்லை என்றால் குறைவு.

பிரிக்கெட் நடுக்கோட்டில் வாய் பிளக்கிறது

அதிகமாக வரும் புகார் இது, அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பிரிக்கெட் முழுசாகத்தான் வெளியே வரும், ஆனால் ஒரு ஓரத்தில் இரண்டு பாதியும் விலகி வாய் திறந்திருக்கும். பெல்ட் ஒரு முறை குலுங்கினால் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பாதிகள் ஒன்றுக்கொன்று தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோலர் சுற்றும் திசையில் தள்ளியிருந்தால், எல்லா வரிசையிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால், டைமிங் போயிருக்கிறது. ஒரு ரோலரின் குழி மற்றதன் குழிக்கு முன்னே ஓடுகிறது. கப்ளிங்கில் சரிசெய்யும் வசதி பெரும்பாலான பிரஸ்களில் உண்டு, மேனுவலில் எப்படி என்று இருக்கும். பக்கவாட்டில் தள்ளியிருந்தால் ரோலர் அச்சு வழியே நகர்ந்திருக்கிறது, பேரிங் ஹவுசிங்கில் ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு) பார்க்க வேண்டும். சுற்றளவில் ஒரு சில பிரிக்கெட் மட்டும் தள்ளி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஒரு செக்மெண்ட் (ரோலர் மேல் போல்ட் போட்டுப் பொருத்திய குழித்துண்டு) தளர்ந்திருக்கிறது. இது மட்டும் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். தளர்ந்த செக்மெண்டோடு ஓட்டினால் போல்ட் அறுந்து நிப்புக்குள் விழும்.

இதில் ஒரு சிக்கல். பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, கையால் சுற்றி, குழியும் குழியும் நேராக நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நிற்கும்போது நேராகத்தான் நிற்கும். கியர் பல்லிலோ கப்ளிங்கிலோ தளர்வு (பிளே) இருந்தால் லோடு ஏறிய பிறகுதான் அது விலகும். ஓடும்போது விழுந்த பிரிக்கெட்டில் தெரிகிற விலகல்தான் உண்மை, நின்றிருக்கும் ரோலரில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சரி, பாதிகள் கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தும் வாய் பிளக்கிறது என்றால்? அப்போது பிரச்சினை சரக்கில். குழியின் முன்பகுதி நிப்பைத் தாண்டி விடுபடத் தொடங்கும்போது பின்பகுதி இன்னும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் முழுதும் நீங்கியதும் சரக்கு கொஞ்சம் விரியப் பார்க்கும், அந்த விரிவைத் தாங்கும் ஒட்டுத்தன்மை இல்லாவிட்டால் பிளவுதான். கோக் தூள், சார் (char, சுட்ட கரி), ஆந்திரசைட் (கடின நிலக்கரி) எல்லாம் இதில் மோசம், நசுங்கி வளையாமல் திரும்பி நிமிரும். இங்கேதான் பிரஷரைக் கூட்டுவது நேரெதிர் வேலை செய்யும்: எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு திரும்பி விரியும். பிரஷரைப் பத்துச் சதவீதம் குறைத்துப் பாருங்கள், ரோலர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். நிறைய இடங்களில் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் பைண்டர் கூட்டுவது, அல்லது கலவையில் மென்மையான நிலக்கரியின் பங்கைக் கூட்டுவது. அதற்கும் அடங்காவிட்டால் குழியின் ஆழம் உங்கள் சரக்குக்கு அதிகம். அது ரோலர் மாற்றும் விஷயம், காசு ஆகும். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வாருங்கள்.

உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் இதே பிளவைத் தரும், அது கீழே தனியாக வருகிறது.

உருவம் நன்றாக இருக்கிறது, தொட்டால் உதிர்கிறது

முதலில் ஹாப்பர், அதாவது ரோலருக்கு மேலே சரக்கு நிற்கும் தொட்டியின், மட்டம். இது மிகச் சாதாரணம் என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை. ரோலருக்கு மேலே சரக்கு ஒரே உயரத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் நிப்புக்குள் போகும் சரக்கு குறையும், ரோலர்கள் நெருங்கிவரும், ஃபிளாஷ் காகிதம் போல வரும், பிரிக்கெட் இலேசாகி உதிரும். ஹைட்ராலிக் கேஜ் அப்போதும் அதே பிரஷரைத்தான் காட்டும். ரோலர் ஸ்டாப்பில் (மேலும் நெருங்காமல் தடுக்கும் முட்டில்) போய் உட்கார்ந்துவிட்டால் அந்த விசையில் பெரும்பகுதியை ஸ்டாப்தான் வாங்கிக்கொள்கிறது, சரக்குக்குப் போவதில்லை. பிரஷர் கேஜைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். மோட்டார் ஆம்பியரைப் பாருங்கள். ஆம்பியர் இறங்கியிருந்தால் சரக்கு போதவில்லை என்று அர்த்தம்.

ஃபீட் (உள்ளே போகும் சரக்கு) சரி, எடை சரி, அப்படியும் உதிர்கிறது என்றால் பைண்டர். மொலாசஸ் பம்ப் எத்தனை சதவீதம் போடுகிறது என்று பேனலில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு வாளியைக் கீழே வைத்து ஒரு நிமிடம் பிடித்து எடை பாருங்கள். மொலாசஸ் குளிரில் கெட்டியாகும். ராய்ப்பூர் பக்கம் டிசம்பர் ராத்திரி ஷிஃப்டில் பம்ப் அதே வேகத்தில் சுற்றும், ஆனால் போகவேண்டிய அளவு போகாது. காலையில் வெயில் ஏறியதும் பிரிக்கெட் தானாகச் சரியாகிவிடும், ராத்திரி ஆபரேட்டர் மேல் பழி விழும். அதற்காக டேங்கில் நீராவியை நேரடியாக விடாதீர்கள். மொலாசஸ் நீர்த்துப்போகும், அளவுக்கு மீறிச் சூடானால் சர்க்கரையே சிதையத் தொடங்கும். சுற்றிலும் வெந்நீர்க் குழாய் போட்டு 40 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வைத்தால் போதும்.

இன்னொரு பக்கம், வருகிற மொலாசஸே தண்ணீர் கலந்து வரும். நல்ல மொலாசஸ் 80 பிரிக்ஸ் (கரைந்திருக்கும் திடப்பொருளின் சதவீதம்) பக்கம் இருக்கும், அதிலேயே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். 6 சதவீதம் போட்டால் கலவையில் 1.2 சதவீதம் தண்ணீர் அதன் வழியாகவே வந்துவிடுகிறது. லாரிக்கு லாரி பிரிக்ஸ் பார்க்காமல் இறக்கினால் பைண்டரும் குறையும், ஈரமும் கூடும், இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வரும். நம் நாட்டில் மொலாசஸுக்கு எக்சைஸ் கட்டுப்பாடு இருப்பதால் நினைத்த இடத்தில் நினைத்தபடி வாங்க முடியாது, கிடைத்ததை வாங்கும் நிலைமைதான். அதனாலேயே வாசலில் சோதிக்க வேண்டும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். தூளோடு சுண்ணாம்பை உலர்வாக முதலில் கலக்கி, சீராகப் பரவிய பிறகு மொலாசஸ் ஊற்றுங்கள். மொலாசஸ் முதலில் போனால் அங்கங்கே உருண்டை திரளும், சுண்ணாம்பு அந்த உருண்டையின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டும். உடைந்த பிரிக்கெட்டைப் பாருங்கள், உள்ளே கருப்புப் புள்ளியும் வெள்ளைத் திட்டும் தனித்தனியாகத் தெரிந்தால் கலவை ஆகவே இல்லை. மிக்சர் பிளேடு தேய்ந்திருக்கும், அல்லது டன் கணக்கு காட்டுவதற்காக யாரோ கலக்கும் நேரத்தைக் குறைத்திருப்பார்கள்.

மில் ஸ்கேலில் எண்ணெய். ரோலிங் மில்லின் செட்டிலிங் குழியில் அடியில் இருக்கிற கரடுமுரடான ஸ்கேலில் எண்ணெய் குறைவு, மேலே மிதந்து படிகிற நுண்ணிய சேற்றில் அதிகம். எண்ணெய் பூசிய துகளில் மொலாசஸ் ஒட்டாது, எவ்வளவு ஊற்றினாலும் ஒட்டாது. ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கலக்குங்கள், மேலே வானவில் நிறம் படர்ந்தால் அந்தச் சரக்கைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். பைண்டர் கூட்டி இதைச் சமாளிக்கலாம் என்பது வீண் செலவு.

கடைசியாக, துகள் அளவு. எல்.டி. ஸ்லட்ஜ் முகப்பவுடர் மாதிரி நுண்ணியது, அதை மட்டும் அழுத்தினால் பரப்பு அதிகம், பைண்டர் போதாது. மில் ஸ்கேலை அதோடு சேர்த்தால் கரடு துகள் எலும்புக்கூடு மாதிரி நிற்கும், நுண்தூள் இடைவெளியை அடைக்கும். எதிர்ப்பக்கம், 5, 6 மில்லிமீட்டர் துண்டுகள் சின்னக் குழிக்குள் போனால் அந்த இடத்திலேயே விரிசல் தொடங்கும். பெரும்பாலான சின்னக் குழிகளுக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே சலித்துக் கொடுப்பது பாதுகாப்பு.

குழியிலேயே ஒட்டிக்கொள்கிறது, விழ மாட்டேன் என்கிறது

ஈரம் அதிகம். பத்தில் எட்டு ஒன்பது தடவை இதுதான், மழைக்காலத்தில் பத்துக்குப் பத்து. யார்டில் திறந்து கிடக்கிற நிலக்கரித் தூளில் மேல் படலம் காய்ந்து தெரியும், லோடர் அடியிலிருந்து அள்ளும்போது சேறு வரும். டிரையர் வெப்பத்தைக் கூட்டுவதற்கு முன்னால் லோடர் டிரைவரிடம் எங்கிருந்து அள்ளுகிறார் என்று கேளுங்கள்.

அவசரத்துக்கு நீறாத சுண்ணாம்பு கொஞ்சம் போட்டு ஈரத்தை இழுக்கலாம், ஒரு கிலோ ஏறக்குறைய 320 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது நீறும்போது சூடாகும், விரியும். மிக்சரிலேயே முழுதாக நீறி முடிந்த பிறகுதான் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். பாதி நீறியது பிரிக்கெட்டுக்குள் போனால் அடுத்த நாள் யார்டில் வெடித்துக் கிடக்கும். ஸ்பான்ஜ் அயர்ன் தூள் இருக்கிற கலவையில் இந்த வித்தையைச் செய்யவே வேண்டாம், சூடும் ஈரமும் சேர்ந்தால் அது ஹைட்ரஜனை விடும்.

ஈரம் சரியாக இருந்தும் ஒட்டினால் குழியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், ரோலரை லாக் செய்துவிட்டு. மொலாசஸ் படிந்து கெட்டியாகியிருக்கும், அல்லது தேய்மானத்தில் சொரசொரப்பாகியிருக்கும். ஷிஃப்ட் முடிவில் பிரஸ்ஸை ஃபீடோடு நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிற இடங்களில் இது நிரந்தரப் பிரச்சினை. நிறுத்துவதற்கு முன் பைண்டர் இல்லாத உலர் தூளைக் கொஞ்சம் ஓட்டினால் குழி சுத்தமாகும்.

ஃபிளாஷ் தடிமனாக வருகிறது, சல்லடைக்குக் கீழே தூள் அதிகம்

முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி தடிமன் என்றால் ஃபீட் அதிகம். ஃபீட் கேட்டை மூடுங்கள், அல்லது ஸ்க்ரூ ஃபீடர் வேகத்தைக் குறையுங்கள். ரோலர் வேகம் ஒருபக்கம், ஸ்க்ரூ வேகம் ஒருபக்கம் என்று இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

ஒருபக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு என்றால் நகரும் ரோலர் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஹாப்பரில் சரக்கு ஒருபக்கமாக விழுகிறது: பெல்ட்டிலிருந்து வரும்போது கரடு துகள் தூரப் பக்கமும் நுண்தூள் அருகிலும் பிரிந்து விழும். சிலிண்டரைக் குறை சொல்வதற்கு முன் மேலே ஏறி ஹாப்பருக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு தகட்டை வைத்துச் சரக்கு நடுவில் விழும்படி திருப்பிவிட்டாலே சரியாகும் இடங்கள் நிறைய.

நடு வரிசைகளில் தடிமன், இரண்டு ஓரத்திலும் ரோலர் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டிருக்கிறது என்றால், வருத்தமான செய்திதான். நடுப்பகுதி தேய்ந்து பள்ளமாகிவிட்டது. ஓரத்தைவிட நடுவில் அழுத்தம் அதிகம், அதனால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். ரோலர் இடைவெளியைக் குறைத்தால் ஓரம் உலோகத்தோடு உலோகமாக இடிக்கும், நடு மூடவே மூடாது. எந்தச் செட்டிங்கும் இதைத் தீர்க்காது. மில் ஸ்கேலும் ஸ்லாக் தூளும் ஓட்டுகிற ரோலர் நிலக்கரி ஓட்டுகிற ரோலரைவிடச் சீக்கிரம் இந்த நிலைமைக்கு வரும். சைட்டிலேயே வெல்டிங் ராடு வைத்து ஹார்ட் ஃபேசிங் (தேய்ந்த இடத்தில் கடின உலோகப் பூச்சு) போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது வருவார்கள். குரோமியம் கூடின கருவி எஃகில் முறைப்படி சூடேற்றாமல் வெல்ட் வைத்தால் முடி போல விரிசல் ஓடும், ஒரு நாள் துண்டாகக் கழன்று வரும். செக்மெண்டைக் கழற்றி முறையாக அனுப்புங்கள்.

திரும்பிப் போகும் தூளைப் பற்றி ஒன்று. ஏற்கெனவே ஒரு முறை அழுத்தப்பட்ட தூள் என்பதால் அளவாகச் சேர்த்தால் கலவை அடர்த்தியாகி நன்மைதான். ஆனால் அதில் பைண்டர் ஏற்கெனவே இருக்கிறது. அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது, அதையும் புதிய சரக்காகக் கணக்கிட்டு மொலாசஸ் போட்டுக்கொண்டே போனால் கலவை ஒட்டத் தொடங்கும், ஒட்டினால் இன்னும் உடையும், உடைந்தால் இன்னும் திரும்பும்.

ஓரத்தில் சரக்கு பீறிட்டு வருகிறது

சீக் பிளேட், அதாவது ரோலரின் இரண்டு ஓரத்தையும் அடைக்கும் தகடு, தேய்ந்திருக்கிறது. ரோலர் முகத்துக்கும் பிளேட்டுக்கும் இடையே உரசாத அளவுக்கு மிகக் குறைந்த இடைவெளி மட்டும் வைத்து இறுக்குங்கள், தேய்ந்ததை மாற்றுங்கள். ஓர வரிசைப் பிரிக்கெட் மட்டும் பலமில்லாமல் வந்தாலும் காரணம் இதேதான்.

கேஜ் முள் ஆடுகிறது, பிரஸ் குதிக்கிறது

இரண்டு காரணம், இரண்டையும் சத்தத்தை வைத்தே ஓரளவு பிரிக்கலாம்.

டம் டம் என்று கனமான அடி, கேஜ் முள் ஒவ்வொரு அடிக்கும் துள்ளி ஏறி இறங்குகிறது என்றால் நைட்ரஜன் அக்குமுலேட்டர் (ஹைட்ராலிக் எண்ணெயோடு இணைந்த வாயு உருளை). ஒரு பெரிய துண்டு நிப்புக்குள் போகும்போது ரோலர் விலகி வழிவிட வேண்டும், அந்த விலகலுக்கு வேண்டிய மெத்தை நைட்ரஜன்தான். பிளாடர் (உள்ளிருக்கும் நைட்ரஜன் பை) கிழிந்தோ வால்வு கசிந்தோ நைட்ரஜன் போய்விட்டால் எண்ணெய் மட்டும்தான் மிச்சம், எண்ணெய் அமுங்காது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பிரஷர் உச்சிக்குப் போகும், அந்த அடி நேராகப் பேரிங்குக்கு. ஹைட்ராலிக் பிரஷரை முழுதாக இறக்கிவிட்டுத்தான் பிரீசார்ஜ், அதாவது நைட்ரஜனின் சொந்த அழுத்தம், பார்க்க வேண்டும். பிரஷர் ஏற்றியபடி பார்த்தால் கேஜ் காட்டுவது எண்ணெய்ப் பிரஷர்தான். நிரப்புவது உலர் நைட்ரஜன் மட்டும். ஸ்டோரில் நைட்ரஜன் இல்லை, கட்டிங் செட்டின் ஆக்சிஜன் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அவனைப் பிளாண்டை விட்டே வெளியே அனுப்புங்கள். எண்ணெயும் அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சத்தம் அவ்வளவு கனமாக இல்லாமல், ஹாப்பரில் சரக்கு கொதிப்பது போல மேலே எழும்பி அமுங்கி, ஆம்பியர் அலையலையாக ஏறி இறங்கினால் அது காற்று. நுண்தூள் அழுந்தும்போது உள்ளிருக்கும் காற்று கீழே போக முடியாமல் மேல்நோக்கி வருகிறது, வரும் ஃபீடைத் தூக்கிவிடுகிறது, ஒரு நொடி நிப்பு காலி, அடுத்த நொடி நிறைவு. ரோலர் வேகத்தைக் குறையுங்கள், காற்றுக்கு வெளியேற நேரம் கிடைக்கும். கரடு துகளைச் சேருங்கள், திரும்பும் தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்க்ரூ ஃபீடர் இருந்தால் அதன் வென்ட் அடைத்திருக்கிறதா பாருங்கள், மொலாசஸ் பிசுக்கில் எப்போதும் அடைத்துத்தான் இருக்கும்.

திடீரென ஒரே ஒரு பெரிய அடி, பிறகு ஒரு குழியில் மட்டும் தொடர்ந்து வடு விழுகிறது என்றால் இரும்புத் துண்டு போய்விட்டது. ஸ்டீல் பிளாண்ட் கழிவில் போல்ட், எலெக்ட்ரோடு துண்டு, பேரிங் உருண்டை எல்லாம் வரும். நிலக்கரிக்குக் காந்தம் வைத்தால் போதும். மில் ஸ்கேலுக்குக் காந்தம் வைத்தால் சரக்கையே இழுத்துக்கொள்ளும், ஆகவே அங்கே சல்லடைதான் பாதுகாப்பு.

மோட்டார் ஓவர்லோடில் டிரிப் ஆகிறது

ஓடும்போது டிரிப் ஆனால் ஃபீட் அதிகம், மேலே சொன்னதுதான். ஸ்டார்ட் ஆகும்போதே டிரிப் ஆனால் முந்தைய ஷிஃப்ட் நிப்பில் சரக்கோடு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது, மொலாசஸ் உள்ளே இறுகியிருக்கிறது. பிரஷரை இறக்கி, ரோலரை விலக்கி, சுத்தம் செய்து, காலியாக ஸ்டார்ட் செய்யுங்கள். ஓவர்லோடு செட்டிங்கை ஏற்றிவைத்து ஸ்டார்ட் செய்வது பழுதை அடுத்த இடத்துக்குத் தள்ளுவதுதான், அங்கே உடைவது கியர் பாக்ஸ்.

பிரஸ்ஸிலிருந்து நன்றாக வந்தது, யார்டில் போய் வெடித்தது

மொலாசஸ், சுண்ணாம்புப் பிரிக்கெட் வெளியே வந்தவுடனே முழுப் பலத்தோடு இருக்காது. மணிக்கணக்கில், நாள் கணக்கில் இறுகும், காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து சுண்ணாம்பைக் கெட்டிப்படுத்தும். பச்சையாக இருக்கும்போது பத்தடி உயரத்திலிருந்து விழவிட்டு, மலையாகக் குவித்து, மேலே லோடர் ஏற்றிவிட்டுப் பிரிக்கெட் சரியில்லை என்றால் என்ன சொல்வது. தாழ்வாக விழவிடுங்கள், மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், கூரைக்குக் கீழே வையுங்கள். மொலாசஸ் தண்ணீரில் கரையும் பொருள், ஒரு நல்ல மழை எல்லாவற்றையும் பழையபடி தூளாக்கிவிடும். மழை தாங்க வேண்டும் என்றால் சிமெண்ட் பைண்டருக்குப் போகலாம், ஆனால் அது வாரக்கணக்கில் இறுக நேரம் கேட்கும், சிலிக்காவையும் கொண்டுவரும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் பார்க்கும்போது நன்றாக இருந்த பிரிக்கெட்டில் வலை வலையாக விரிசல், அதன் மேல் வெள்ளைப் பொடி என்றால் சந்தேகமே வேண்டாம், உள்ளே நீறாத சுண்ணாம்பு. எல்.டி. ஸ்லட்ஜிலும் ஸ்லாக் தூளிலும் அது இயல்பாகவே இருக்கும். கால்சியம் ஆக்சைடு ஹைட்ராக்சைடாகும்போது கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, எந்தப் பைண்டரும் அதைப் பிடித்துவைக்க முடியாது. அந்தச் சரக்கை முன்கூட்டியே ஈரப்படுத்திச் சில நாள் ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊறும் குவியல் சூடேறும். ஸ்லட்ஜில் உலோக இரும்பும் இருப்பதால் ஆக்சிஜனேற்றம் தொடங்கினால் இன்னும் சூடேறும். மூடிய சைலோவில் வைத்து ஊறவைக்கக் கூடாது, காற்றோட்டமான திறந்த இடத்தில்தான்.

யார்டில் கல் மாதிரி இருந்தது, ஃபர்னஸில் போட்டதும் உடைகிறது

இது பிரஸ் ஆளுக்கும் ஃபர்னஸ் ஆளுக்கும் நடக்கிற நிரந்தர வழக்கு. இண்டக்ஷன் ஃபர்னஸில் போட்டதும் படபடவென்று வெடித்தால் ஈரம். உள்ளே சிக்கிய தண்ணீர் நீராவியாகிறது. உருகிய உலோகத்தின் மேல் ஈரமான பிரிக்கெட் போடுவது ஆள் உயிருக்கே ஆபத்து. அந்த லாட்டை அப்படியே நிறுத்தி உலர்த்துங்கள், விவாதம் பிறகு. வெடிக்காமல் கொதித்துப் பொங்கினால் மில் ஸ்கேலின் ஆக்சைடும் பிரிக்கெட்டிலோ உலோகத்திலோ இருக்கும் கார்பனும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு விடுகிறது. அது பிரிக்கெட்டின் குறையில்லை, ஒரே நேரத்தில் அதிகம் கொட்டியதன் விளைவு. சிலிக்கா லைனிங் போட்ட ஃபர்னஸில் குறையாமல் மிஞ்சிய இரும்பு ஆக்சைடு லைனிங்கையும் அரிக்கும், அதனால் ஃபர்னஸ்காரர் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

பிளாஸ்ட் ஃபர்னஸுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் குளிர் பலம் மட்டும் பார்த்துப் பயனில்லை. சூட்டில் மொலாசஸ் எரிந்து சிதையும்போது பிணைப்பும் போய்விடும். ஃப்ளூ டஸ்ட், ஸ்லட்ஜ் வழியாகத் துத்தநாகமும் திரும்பத் திரும்ப உள்ளே போகும், அதற்கு வரம்பு ஃபர்னஸ்காரர்கள்தான் சொல்ல வேண்டும், முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிலக்கரிப் பிரிக்கெட்டில் மொலாசஸ் போட்டுப் பெரிய அளவில் ஓட்டுவது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு, கொரியாவின் போஹாங்கில் போஸ்கோ 2007இல் ஓட்டத் தொடங்கிய, ஆண்டுக்கு 15 லட்சம் டன் திறனுள்ள ஃபைனெக்ஸ் முறை இரும்பு ஆலை நிலக்கரித் தூளைப் பிரிக்கெட்டாக்கித்தான் போடுகிறது.

பிட்ச் பைண்டர் போடுகிறவர்களுக்கு

நிலக்கரித் தாரின் பிட்ச் போட்டால் கோளாறெல்லாம் வெப்பநிலையில். நிப்புக்கு வரும்போது கலவை பிட்ச் இளகும் சூட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கன்வேயரில் ஆறிப்போனால் மொலாசஸ் இல்லாத பிரிக்கெட் மாதிரியே உதிரும், எல்லோரும் பிட்ச் குறைவு என்று சொல்லி இன்னும் ஊற்றுவார்கள். அதிகச் சூடாக இருந்தால் வெளியே வரும்போது மெத்தென்று இருந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தட்டையாகும், அப்படியானால் பெல்ட்டில் ஆறவிடும் நீளம் போதவில்லை. அந்தப் புகை புற்றுநோய் தரும். எக்ஸாஸ்ட் ஓடாவிட்டால் பிரஸ்ஸும் ஓடக் கூடாது.

எதையுமே மாற்றவில்லை, ஆனாலும் நேற்று நல்லது, இன்று கெட்டது

அப்படியென்றால் சரக்கு மாறியிருக்கிறது. எந்த லாரி, எந்தக் குவியல், மொலாசஸ் எந்த டேங்க் என்று ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதும் பழக்கம் இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. பக்கத்திலேயே இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தட்டில் போடும் டிராப் டெஸ்ட்டையும் எழுதுங்கள், பச்சைப் பிரிக்கெட் எத்தனை முறை தாங்கியது, 24 மணி நேரம் கழித்து எத்தனை முறை என்று. பச்சை எண் இறங்கியிருந்தால் ஈரம், ஃபீட், துகள் அளவு பக்கம் தேடுங்கள். பச்சை எண் அப்படியே இருந்து 24 மணி நேர எண் மட்டும் இறங்கியிருந்தால் மொலாசஸ் பிரிக்ஸையும் சுண்ணாம்பின் தரத்தையும் பாருங்கள். மூட்டை பிரிந்து மாதக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த சுண்ணாம்பு காற்றுப்பட்டுப் பாதி கார்பனேட் ஆகியிருக்கும், பார்க்க அதே வெள்ளைதான். இரண்டு எண்ணும் ஒன்றாக இறங்கி, சரக்கிலும் பைண்டரிலும் ஒன்றும் சிக்காமல், ஆம்பியரும் ஃபிளாஷ் தடிமனும் வழக்கமான அளவிலேயே இருக்கிறது என்றால், அப்போது பிரஷரைத் தொடுங்கள், ஐந்து பார் ஐந்து பாராக, ஒவ்வொரு படியிலும் எடை பார்த்து.